வாவி நீரும் ஒட்சிசன்மானியும்



வானொலியிலே மணி அறிவிக்கும் ஓசை கேட்டவுடன் தம் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வழக்கம் உங்களிற் பலருக்கு இருக்கும். கடிகாரம் இரண்டு நிமிடம் பிந்தியிருந்தால் முள்ளைச் சற்றே முன் தள்ளிவிடுகிறோம். எண்ணிப் பாராது செய்யும் அச்சிறு செயலுக்கு விஞ்ஞானிகள் இட்ட பெயர் அளவுத் திருத்தம் என்பதாகும். பிழைபடக்கூடிய ஓர் அளவுக் கருவியை, நம்பத்தகுந்த ஒரு நியமத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு எவ்வளவு என்று கண்டு, கருவியை நேராக்கும் முறை அது. கடைக்காரர் தம் தராசையும் படிக்கற்களையும் கொண்டுசென்று அரசாங்க முத்திரை இடுவித்து வருவதும் அதே நோக்கத்துக்காகவே.

கடிகாரத்துக்கு வானொலி மணி உண்டு. படிக்கல்லுக்கு அரசாங்கத்தாரின் நியம நிறை உண்டு. நீரிலே கரைந்திருக்கும் பிராணவாயுவை அளக்கும் கருவிக்கு நியமம் எது? அதனை யார் காத்து வைத்திருக்கிறார்? இவ்வினாவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நான் கலைப் பட்டதாரி. வரலாறும் தமிழும் கற்பித்து வந்தவன். இரசாயனக் கூடத்துள் அதிபர் என்ற முறையில் மேற்பார்வைக்காகப் போயிருக்கின்றேனேயன்றி, மாணவனாகப் போனதில்லை. அவ்வாறான ஒருவன் இவ்விடயத்தைப் பேச நேர்ந்தது, எங்கள் ஊர் வாவிக்கரையில் நான் கண்ட ஒரு நிகழ்ச்சியினால். அதைச் சொல்லுமுன், நீருக்கும் பிராணவாயுவுக்கும் உள்ள தொடர்பைச் சிறிது விளக்குதல் வேண்டும்.

பழைய நூல்கள் பிராணவாயு என்று கூறியதையே இன்று பாடசாலைகளில் ஒட்சிசன் என்கிறோம். மீனும் இறாலும் நண்டும் சுவாசிப்பது இந்த ஒட்சிசனையே. நீர் என்பது ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்த பொருளாயிற்றே, அதிலுள்ள ஒட்சிசனை மீன் எடுத்துக்கொள்ளுமோ என்று மாணவர் கேட்பதுண்டு. அவ்வாறன்று. நீரோடு இரசாயன முறையிற் பிணைந்த ஒட்சிசனால் மீனுக்குப் பயனில்லை. காற்றிலிருந்து வந்து, தேநீரிற் சீனி கரைவதுபோல நீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசனையே மீனின் பூக்கள் உறிஞ்சுகின்றன.

அவ்வாறு கரைந்திருக்கும் அளவு மிகச் சிறியது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு லீற்றர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஒட்சிசன் உண்டு. அதே வெப்பமுள்ள ஒரு லீற்றர் நன்னீர், காற்றிலிருந்து எவ்வளவு ஏற்க முடியுமோ அவ்வளவும் ஏற்று நிரம்பிய நிலையிலும், 7.56 மில்லிகிராமையே கொண்டிருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ளதில் முப்பதில் ஒரு பங்குகூட மீனுக்குக் கிடையாது. சீனி சூடான நீரிற் கூடுதலாகக் கரையும். வாயுக்களோ அதற்கு மாறானவை. 20 பாகையில் 9.09 மில்லிகிராம் ஏற்கும் நீர், 35 பாகையில் ஏறத்தாழ 6.95 மில்லிகிராமையே ஏற்கும். உப்பு மிகுந்தாலும் ஒட்சிசன் குறையும். 30 பாகையிலே கடல் நீர் ஏற்பது ஏறத்தாழ 6.2 மில்லிகிராம் மட்டுமே. வெம்மையும் உவர்ப்பும் உடைய எங்கள் வாவியில் வாழும் மீன், மலைநாட்டு ஓடையின் மீனைவிட எப்பொழுதும் வறுமையிலேயே சீவிக்கின்றது என்று சொல்லலாம். பொதுவாக, லீற்றருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் பெரும்பாலான மீன்கள் நலமாக வாழும். 2 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பல இனங்கள் தாங்கமாட்டா.

தன்னாமுனை, மட்டக்களப்பு நகருக்கு வடக்கே, ஏறாவூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், வாவியை அணைந்து கிடக்கும் ஊர். மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. பாலமீன்மடுவுக்கு அருகே முகத்துவாரத்திலும், தெற்கே கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலப்பது. மாரியிலே வடகீழ்ப் பருவக்காற்று மழையைக் கொணர, வயல்களின் நீரும் ஊர்களின் நீரும் வந்து விழுந்து வாவி நன்னீர்த் தன்மை கொள்ளும். மழை ஓய்ந்து, வாயிலே மணல் திரண்டு அடைத்துக்கொண்டால், நீரோட்டம் தளரும், வெயில் ஏறும். வயலில் இட்ட உரத்தின் மிச்சமும் ஊர்க் கழிவும் நீரிலேயே தேங்கி நிற்க, அவற்றை உண்டு நுண்ணிய அல்காக்கள் பெருகும்; நீர் பச்சை நிறம் பூணும்.

அல்காக்கள் பகலிலே சூரிய ஒளியைக் கொண்டு ஒளித்தொகுப்பு நடத்தி ஒட்சிசனை வெளியிடும். ஆகவே நண்பகலுக்குப் பின்னர் பச்சை நீரில் ஒட்சிசன், நிரம்பல் அளவையும் மிஞ்சி நிற்பதுண்டு. இரவிலோ ஒளி இல்லை. அவ்வேளை அல்காக்களும் மீன்களும், சேற்றிலே அழுகும் பொருளைத் தின்னும் பற்றீரியாக்களும் ஒட்சிசனைச் செலவழிப்பனவேயன்றி ஈட்டுவனவல்ல. மாலையில் நிறைந்திருந்த களஞ்சியம் விடியற்காலைக்குள் வெறுமையாகிவிடக்கூடும். இரண்டொரு நாள் மேகம் மூடிக் காற்றும் அசையாதிருந்தால் வரவு குன்றிச் செலவு குன்றாது. அபாயம் அப்பொழுதே நேரும். விடியுமுன் தோணியிற் போகும் எங்கள் மீனவர், மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து மூடுவதைக் கண்டு, நீர் சரியில்லை என்று சொல்லிவிடுவர்.

இனி அந்த நிகழ்ச்சிக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்திலே ஒரு விடியற்காலை, பாடசாலைக்கு அண்மையிலுள்ள ஒரு கரையோரத்தில் மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. சனங்கள் கூடினர். அதற்குச் சற்று அப்பால் ஒருவர் இறால் வளர்க்கும் குளங்கள் வைத்திருந்தார். அவர் குளத்தைக் கழுவி மருந்து நீரை வாவியில் விட்டுவிட்டார் என்று ஒருவர் சொல்ல, அது அரைமணி நேரத்துள் ஊரார் அனைவரதும் முடிவாகிவிட்டது. அவருடைய பிள்ளைகள் இருவர் எங்கள் பாடசாலையிலே படித்தனர். குற்றஞ்சாட்டியவர்களின் பிள்ளைகளும் அதே வகுப்புகளிலே இருந்தனர். ஆகவே நானும் கரைக்குப் போனேன்.

நீரைச் சோதிக்க வந்த ஓர் உத்தியோகத்தர், கையடக்கமான ஒட்சிசன்மானி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். எல்லோர் முன்னிலையிலும் உணரியைக் காற்றிலே பிடித்து, அது நூறு சதவீதம் காட்டுவதை உறுதிசெய்த பின்னரே நீரில் இறக்கினார். கருவி லீற்றருக்கு 4.4 மில்லிகிராம் என்று காட்டிற்று. அது சிறப்பான அளவன்று. எனினும் மீன் கூட்டங்கூட்டமாகச் சாவதற்கு உரிய அளவுமன்று. ஒட்சிசன் குறையவில்லை, அப்படியானால் நஞ்சுதான் என்று கூட்டம் ஆரவாரித்தது. உண்மையைச் சொன்னால், நானும் அவ்வாறே எண்ணினேன். எங்கள் இரசாயன ஆசிரியை மட்டும் அக்கருவியை நம்பத் தயங்கினார். வயது முதிர்ந்த ஒரு மீனவர், "ஏன் ரீச்சர், மெசின் பொய் சொல்லுமா?" என்று கேட்டார். "பொய் சொல்லாது அப்பு, ஆனால் பிழையாகச் சொல்லும்" என்று அவர் விடையிறுத்தார்.

ஆசிரியை தம்மோடு மூடிபோட்ட கண்ணாடிப் போத்தல்கள் சிலவற்றையும், உயர்தர வகுப்பிலே மாணவர் பழகும் சில கரைசல்களையும் கொண்டுவந்திருந்தார். அவர் கையாண்டது விங்கிளர் முறை எனப்படுவது. அங்கேரி நாட்டு இரசாயனியான லாயோஸ் விங்கிளர் என்பார் 1888ஆம் ஆண்டிலே அதனை வெளியிட்டார். காற்றுக் குமிழி புகாதவாறு போத்தலை நீரால் நிரப்பி, மங்கனீசு சல்பேற்றுக் கரைசலும், அயடைட்டுக் கலந்த காரக் கரைசலும் சேர்த்து மூடிக் குலுக்குவர். நீரில் ஒட்சிசன் இல்லையாயின் வீழ்படிவு வெண்மையாகவே இருக்கும். ஒட்சிசன் எவ்வளவு மிகுதியோ அவ்வளவுக்குப் பழுப்பு நிறம் கடுமையாகும். கரையிலேயே இவ்வாறு செய்துவிட்டால் ஒட்சிசன் வீழ்படிவிற் பிணைந்து நின்றுவிடும். பின்னர் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே அமிலம் சேர்க்க, ஒட்சிசனின் அளவுக்கு ஏற்ப அயடீன் வெளிப்படும். அந்த அயடீனை, அளவியிலிருந்து சோடியம் தயோசல்பேற்றைத் துளிதுளியாக விட்டு நியமிப்பர். முடிவு நெருங்குகையில் மாப்பொருட் கரைசல் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். அந்நீலம் மறையும் துளியே முடிவுத் துளி. எவ்வளவு தயோசல்பேற்றுச் செலவாயிற்றோ அதிலிருந்து ஒட்சிசனைக் கணக்கிடலாம்.

ஆசிரியை இரண்டு போத்தல்களை அருகருகே வைத்தார். ஒன்றில் நன்றாகக் காற்று ஊட்டிய கிணற்று நீர். மற்றையதில் வாவி நீர். முன்னதில் வீழ்படிவு கடும் பழுப்பாயிற்று. பின்னதில் வெளிறிய மங்கல் நிறமே தோன்றியது. கரையில் நின்றோர் அதைத் தம் கண்களாற் கண்டனர். பாடசாலையிலே நியமித்து முடித்தபோது விடை 1.8 மில்லிகிராம் என்று வந்தது. கருவி சொன்னதோ 4.4. இரண்டில் ஒன்றே உண்மையாதல் கூடும்.

கருவி எங்ஙனம் தவறிற்று என்பதை அறிய, அது எங்ஙனம் வேலை செய்கின்றது என்பதை அறிதல் வேண்டும். அவ்வகை உணரியை ஆக்கியவர் லீலண்ட் கிளார்க் என்னும் அமெரிக்க உடற்றொழிலியல் அறிஞர். நீரை அளக்க வேண்டும் என்பது அவர் நோக்கமன்று. இரத்தத்துக்குச் செயற்கை முறையில் ஒட்சிசன் ஊட்டும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த அவர், இரத்தத்தில் எவ்வளவு ஒட்சிசன் சேர்ந்தது என்று அளக்க வழி தேடினார். 1954ஆம் ஆண்டில் அவர் உருவாக்கி, 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட அமைப்பு இது: பிளாற்றினம் அல்லது பொன்னாலான ஒரு மின்வாய், வெள்ளியாலான மற்றொரு மின்வாய், இரண்டையும் நனைத்து நிற்கும் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல், இவற்றை வெளிநீரிலிருந்து பிரிக்கும் மெல்லிய பிளாத்திக்குச் சவ்வு. சவ்வு நீரை உள்ளே விடாது, ஒட்சிசனை விடும். உட்புகுந்த ஒட்சிசன் பொன் மின்வாயிலே செலவாகும்போது மின்னோட்டம் பிறக்கும். ஒட்சிசன் இருமடங்கானால் மின்னோட்டமும் இருமடங்காகும். அம்மின்னோட்டத்தைத்தான் கருவி மில்லிகிராமாக மாற்றிக் காட்டுகிறது.

நேயர்களே, இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கருவி அளப்பது மின்னோட்டத்தை. நமக்குச் சொல்வது ஒட்சிசனை. இவ்வளவு மின்னோட்டத்துக்கு இவ்வளவு ஒட்சிசன் என்ற உறவை யாரேனும் அதற்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். சொல்லிக் கொடுத்ததும் நெடுநாள் நிலையாது. சவ்விலே பாசி படியும். சவ்வு தளரும், சுருங்கும், நுண்ணிய துளை விழும். உட்கரைசல் வற்றும் அல்லது அழுக்காகும். பொன்னின்மேல் வெள்ளி படியும். இவற்றுள் எது நேர்ந்தாலும் பழைய உறவு மாறிவிடும். கருவியின் முகப்பிலே எண்கள் மட்டும் முன்போலவே தெளிவாகத் தோன்றிக்கொண்டிருக்கும்.

இந்த உறவைப் புதுப்பித்தலே அளவுத் திருத்தம். முதலிலே கேட்ட வினாவுக்கு இப்பொழுது விடை சொல்லலாம். ஒட்சிசன்மானிக்கு வேண்டிய நியமம் காற்றே. உலர்ந்த காற்றில் ஒட்சிசனின் பங்கு 20.95 சதவீதம். தன்னாமுனையிலும் கொழும்பிலும் இலண்டனிலும் அது ஒன்றே. படிக்கல்லைப்போல இதனைப் பெட்டியிற் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

ஆனால் உணரியைக் காற்றிலே வெறுமனே வீசிப் பார்த்தல் போதாது. ஒரு சிறு கிண்ணத்தின் அடியில் சில துளி நீரோ நனைந்த பஞ்சோ இட்டு, உணரியை அதனுள் நிறுத்தித் தளர மூடவேண்டும். உள்ளிருக்கும் காற்று நீராவியால் நிரம்பும். காற்றோடு சமநிலையடைந்த நீரில் ஒட்சிசன் எவ்வளவு தள்ளுகை செலுத்துமோ, அந்த ஈரக் காற்றிலும் அவ்வளவே செலுத்தும். சவ்வின்மேல் நீர்த்துளி ஒட்டியிருத்தல் கூடாது. உணரி நீரைத் தொடுதலும் கூடாது. கிண்ணம் நிழலில் இருக்க வேண்டும். கிளார்க் வகைக் கருவியாயின், மின்சாரம் கொடுத்து ஏறத்தாழ கால்மணி நேரம் பொறுத்திருந்து, உணரியும் அதிலுள்ள வெப்பமானியும் காற்றின் வெப்பநிலையை அடைந்த பின்னரே நூறு சதவீதம் என்று நியமிக்க வேண்டும். சவ்வு ஒட்சிசனை விடும் வேகம் ஒரு பாகை வெப்பத்துக்கு ஏறத்தாழ 3 சதவீதம் மாறுவதால், பொறுமையின்மைக்கு உடனே தண்டனை கிடைக்கும். குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்த கருவியை வெயிலிலே உடனே திருத்துவோர் பிழையையே நியமமாக்கிவிடுகின்றனர்.

அடுத்தது வளிமண்டல அமுக்கம். நீரிற் கரையும் வாயுவின் அளவு அதன் அமுக்கத்துக்கு விகிதசமமானது என்று வில்லியம் ஹென்றி என்பார் 1803ஆம் ஆண்டிலே காட்டினார். வாவிக்கரை கடல்மட்டத்தில் இருப்பதால் எங்களுக்கு இதிலே தொல்லை குறைவு. நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அங்குள்ள ஏரி நீர் காற்றால் முற்றாக நிரம்பியிருந்தாலும், அதே வெப்பமுள்ள கடலோர நன்னீரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்த ஒட்சிசனையே கொண்டிருக்கும். இதிலே கற்றோரும் இடறும் ஓர் இடம் உண்டு. வானிலை அறிக்கையிற் சொல்லப்படும் அமுக்கம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்குச் சரிப்படுத்தப்பட்ட எண். மலையிலே கருவியைத் திருத்துவோர் அந்த எண்ணை இட்டால் பிழை நேரும். அவ்விடத்திலே பாரமானி உள்ளபடி காட்டும் எண்ணையே இடுதல் வேண்டும்.

மூன்றாவது உவர்ப்பு. உணரி அறிவது ஒட்சிசனின் தள்ளுகையை மட்டுமே. நீரில் உப்பு உண்டா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. 30 பாகை வெப்பத்தில், ஆயிரத்துக்கு 20 பங்கு உப்புள்ள வாவி நீர் நிரம்பிய நிலையில் கொள்வது ஏறத்தாழ 6.75 மில்லிகிராம். உவர்ப்பின் அளவைக் கருவிக்குச் சொல்லாவிடின், அது நன்னீர் என்று எண்ணி 7.56 என்று காட்டும். மாரியில் ஒருவிதமாகவும் கோடையில் ஒருவிதமாகவும் உவர்ப்பு மாறும் எங்கள் வாவியிலே, உவர்ப்பை ஒவ்வொரு முறையும் அளந்து இடவேண்டியது அவசியம்.

நான்காவதாக நான் சொல்லப்போவதே அன்று எங்கள் கரையில் விடுபட்டது. ஒரு கடிகாரம் நாள்தோறும் நண்பகலில் வானொலி மணியோடு ஒத்திருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனால் அது மாலை ஆறு மணிக்கும் சரியாகவே இருக்கும் என்று சொல்ல முடியுமா? நண்பகலில் முள்ளைத் திருப்பி வைத்தவர் நண்பகலையே சரிசெய்தார், ஓட்டத்தைச் சரிபார்க்கவில்லை. ஒட்சிசன்மானியும் அவ்வாறே. காற்றிலே நூறு என்று காட்டச் செய்துவிட்டால் மேல்முனை சரியாகும். ஒட்சிசன் அறவே இல்லாத நீரில் அது பூச்சியம் காட்டுகிறதா என்று பார்த்தாலன்றிக் கீழ்முனை சரியென்று கொள்ளலாகாது. அத்தகைய நீரை ஆக்குவது எளிது. நீரிலே சோடியம் சல்பைற்று என்னும் உப்பைத் தாராளமாகக் கரைத்தால் அது ஒட்சிசனை உண்டுவிடும். கோபால்ற்றுக் குளோரைட்டு ஒரு துளியளவு சேர்த்தால் அவ்வேலை விரைவில் முடியும். கோபால்ற்று நஞ்சாதலின் அக்கரைசலைக் கையால் அளையவும் வாவியில் ஊற்றவும் கூடாது.

அன்று மாலை அந்த உத்தியோகத்தர் தாமே கருவியைப் பாடசாலைக்குக் கொண்டுவந்தார். சல்பைற்றுக் கரைசலில் இறக்கிப் பார்த்தோம். பூச்சியம் காட்ட வேண்டிய கருவி 3.4 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கவே இல்லை. உட்கரைசல் கெட்டிருந்தது, ஒட்சிசன் இல்லாதபோதும் ஒரு வீண் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. காற்றிலே நூறு என்று திருத்தும்போது அந்த வீண் மின்னோட்டம் மறைந்து நின்றது. ஒட்சிசன் நிறைந்த நீரில் அக்கருவி ஏறத்தாழ உண்மையே சொல்லும். ஒட்சிசன் குறையக் குறையப் பொய் பெருகும். நமக்கு உண்மை மிகவும் தேவைப்படும் விடியற்காலையில்தான் அது மிகவும் தவறியது. ஆசிரியை கரும்பலகையில் ஒரு நேர்கோடு வரைந்து, பூச்சியத்தில் 3.4, நிரம்பலில் 7.5 என்று குறித்து, கருவி 4.4 காட்டும் இடத்திலே உண்மை ஏறத்தாழ 1.8 என்று காட்டினார். விங்கிளர் போத்தல் சொன்னதும் அதுவே.

புதிய உட்கரைசல் இட்டு, சவ்வைக் குமிழியும் சுருக்கமும் இன்றி மாற்றி, இரு முனைகளிலும் திருத்திய பின்னர், அடுத்த நாள் விடியுமுன் மறுபடியும் அளந்தனர். ஒட்சிசன் 2 மில்லிகிராமை எட்டவில்லை. அன்று பிற்பகல் அதே இடத்தில் அளந்தபோது, நிரம்பல் அளவை மிஞ்சி 9க்கு மேல் நின்றது. பச்சை நீரின் இயல்பு அதுவே என்று முன்னர்ச் சொன்னேன். வேறு சான்றுகளும் ஒத்தன. ஒட்சிசன் பற்றாக்குறையிலே பெரிய மீன்களே பெரும்பாலும் முதலில் மடியும். இறந்தவை வாய் திறந்து கிடக்கும். சாவு விடியற்காலையில் நிகழும். நஞ்சுக்கு நேரகாலம் இல்லை. சிறு மீன்களே முதலில் விழுவது அதன் வழக்கம். ஒட்சிசன் குறைவு என்று காட்டியமை நஞ்சே கலக்கவில்லை என்பதற்கு நிரூபணமாகாது என்பதையும் ஆசிரியை ஊராருக்கு ஒளிக்காமற் சொன்னார். ஆயினும், ஒட்சிசன் இருக்கும்போதே மீன் செத்தது, ஆதலால் நஞ்சு என்ற வாதம் நின்றுபோயிற்று. இறால் குளத்துக்காரரின் வேலியை உடைக்கப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். கழிவு நீர் எங்கெங்கிருந்து வாவிக்கு வருகின்றது என்ற பேச்சு அதன் பின்னரே தொடங்கிற்று. அவ்வாறு பேசத் தொடங்கியபோது, ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் அதிலே பங்கு உண்டு என்பது தெரியவந்தது.

இக்காலத்திலே வேறொரு வகை உணரியும் பரவியுள்ளது. சில சாயப் பொருள்கள் நீல ஒளி பட்டால் சிவந்து ஒளிரும். ஒட்சிசன் அருகிலிருந்தால் அவ்வொளிர்வு விரைவில் அவிந்துவிடும். அவியும் விரைவை அளந்து ஒட்சிசனைக் கணிப்பன ஒளியியல் உணரிகள். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலிருந்து இவை நீர்ச் சோதனையில் வழக்குக்கு வந்தன. இவை ஒட்சிசனைச் செலவழிப்பதில்லை. ஆதலால் கிளார்க் உணரிக்கு வேண்டியதுபோல நீரை அசைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. உட்கரைசலும் இல்லை. எனினும் சாயம் நாளடைவில் மங்கும்; அதன்மேலும் பாசி படியும். இவற்றைத் திருத்தும் தேவை குறைந்ததேயன்றி ஒழியவில்லை. புதுக் கருவி வாங்கியவர் திருத்தம் வேண்டாம் என்று எண்ணுவது, புதுத் தராசுக்கு முத்திரை வேண்டாம் என்பதைப் போன்றது.

வாவிக்கும் மீனுக்கும் மட்டுமே இக்கருவி பயன்படுகிறது என்று எண்ணவேண்டாம். நகரக் கழிவுநீரைத் துப்புரவாக்கும் நிலையங்களிலே, அழுக்கைத் தின்னும் பற்றீரியாக்களுக்குக் காற்று ஊதுவர். ஒட்சிசன்மானி கூடக் காட்டினால் காற்றைக் குறைத்துவிடுவர். பற்றீரியாக்கள் மூச்சின்றி ஓயும். குறையக் காட்டினால் வேண்டாத காற்றை ஊதி மின்சாரத்தை வீணாக்குவர். அனல்மின் நிலையங்களின் கொதிகலத்துக்குச் செல்லும் நீரில் ஒட்சிசன் சிறிது இருந்தாலும் இரும்பு அரிக்கும். அங்கே மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்கிடுவர். அத்தகைய இடத்தில் பூச்சிய முனையே முதன்மையானது. கூடுகளிலே கொடுவா மீன் வளர்ப்பவருக்கும், குளத்திலே இறால் வளர்ப்பவருக்கும், காற்றுச் சக்கரத்தை எப்பொழுது இயக்குவது என்று விடியுமுன் சொல்ல வேண்டிய கருவி இதுவே. தவறாகச் சொன்னால் ஓர் இரவிலே ஒரு போகமே போய்விடும்.

ஆதலின், இக்கருவியை வைத்திருப்போருக்குச் சில வார்த்தை சொல்லி முடிக்கின்றேன். ஒவ்வொரு நாளும் நீரில் இறக்குமுன் ஈரக் காற்றிலே திருத்துங்கள். வேலை முடிந்த பின்னரும் ஒருமுறை ஈரக் காற்றிலே பிடித்துப் பாருங்கள். காலையில் நூறு காட்டியது மாலையில் பெரிதும் மாறியிருந்தால், இடையில் எடுத்த அளவுகளை ஐயத்துக்குரியவை என்று குறித்துவிடுங்கள். பூச்சியத்தை இடையிடையே சோதியுங்கள். குறைந்த ஒட்சிசனைத் தேடிப் போகும் நாளிலே கட்டாயம் சோதியுங்கள். வெப்பநிலை, அமுக்கம், உவர்ப்பு, திருத்திய நேரம், திருத்தியவர் பெயர் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அக்கொப்பி இல்லாத எண்ணை எவரும் பிற்காலத்தில் நம்ப இயலாது. ஆண்டுக்குச் சிலமுறையேனும் அண்மையிலுள்ள பாடசாலையில் விங்கிளர் முறையால் ஒப்புநோக்குங்கள். அதற்கு வேண்டிய கரைசல்களும் அளவியும், உயர்தர இரசாயனம் கற்பிக்கும் பாடசாலைகளிலே உண்டு. மாணவருக்கும் அது, பரீட்சைக்காகச் செய்யும் நியமிப்பைவிட மேலான படிப்பாக இருக்கும்.

எங்கள் பாடசாலையில் அத்தகைய கொப்பி ஒன்று இருக்கின்றது. ஒவ்வொரு மாதமும் உயர்தர வகுப்பு மாணவர் விடியுமுன் கரைக்குச் சென்று அளந்து அதில் எழுதுகின்றனர். அன்று ஒருவரையொருவர் பகைத்து நின்ற வீடுகளின் பிள்ளைகளும் அவர்களுள் இருந்திருக்கின்றனர். அவர்களில் ஒருவர் போத்தலைப் பிடிக்க, மற்றவர் கரைசலை விடுவார். கருவியின் எண்ணையும் போத்தலின் எண்ணையும் அருகருகே எழுதி, இருவரும் கையொப்பமிடுவர்.